காலை சாண்ட்விச்: விலையைப் பதினொரு மணி வரை கணக்குப் போடுங்கள்

கேள்வி: மருத்துவமனையில் காலை ஷிப்ட் பார்க்கிறேன். வாரத்தில் ஐந்து நாள், வழியில் இருக்கும் பாஸ்ட்புட் கடையில் சாண்ட்விச், ஹாஷ் பிரவுன் (பொரித்த உருளைக்கிழங்கு வில்லை), காபி சேர்ந்த காம்போ வாங்கிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். மாதக் கடைசியில் பார்த்தால் அதுவே பெரிய தொகையாக நிற்கிறது. மலிவான சாண்ட்விச்சுக்கு மாறினேன், பதினொரு மணிக்கே பசித்தது. பெரியதை வாங்கினால் காசும் போகிறது, வயிறும் கனக்கிறது. எல்லாம் கிரெடிட் கார்டில்தான் போகிறது. அதில் கொஞ்சம் பாக்கியும் உண்டு. "வீட்டில் செய்து கொண்டுபோக முடியாதா?" என்கிறார் கணவர். ஆனால் எனக்கு அந்தச் சூடான சாண்ட்விச் பிடித்திருக்கிறது. ருசி, விலை, சத்து மூன்றும் பார்த்தால் எதை வாங்கலாம்?

பதில்: பிடித்ததை விடச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிற ஒருவருக்குச் சூடாக ஒரு வாய் சாப்பாடு கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. அதைப் பறிக்கிற பட்ஜெட் இரண்டு வாரம்கூடத் தாங்காது. உங்கள் பணம் போவது பெரும்பாலும் சாண்ட்விச்சில் இல்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறவற்றில். முதலில் சாண்ட்விச்சையே பார்த்துவிடுவோம், அங்கேயும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், முட்டையும் சீஸும் வைத்த சாதாரண மஃபின் (கேக் இல்லை, தட்டையான வட்ட ரொட்டி) சாண்ட்விச்சின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். முட்டை இல்லாத மலிவானது 70. இரண்டு இறைச்சித் துண்டு வைத்த பெரியது 150. உங்கள் கடை பில்லை எடுத்து இதே விகிதத்தில் போட்டுப் பாருங்கள், பெரிய வித்தியாசம் வராது.

மலிவானதை வாங்கியபோது பதினொரு மணிக்குப் பசித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது என்ன செய்தீர்கள்? பெரும்பாலானவர்கள் ஒரு சிப்ஸ் பாக்கெட்டோ இனிப்பு பன்னோ வாங்குவார்கள். அது 50 என்றால் அந்தக் காலையின் செலவு 120. அதாவது 100 கொடுத்து வாங்கியிருக்க வேண்டியதை 70க்கு வாங்கியதாக நினைத்து 120 கொடுத்திருக்கிறீர்கள். அதனால் காலை உணவின் விலையை கவுண்டரில் பார்க்காதீர்கள். மதியச் சாப்பாடு வரைக்கும் மொத்தம் என்ன ஆனது என்று பாருங்கள். இந்த ஒன்றைப் பழக்கிக்கொண்டால் மற்ற முடிவுகள் தானாக வரும்.

பசி தாங்குவதற்கு முக்கியம் புரதம். எனவே மெனுவில் இருக்கும் விலையைப் புரதத்தின் கிராமால் வகுங்கள். மலிவானதில் 10 கிராம் என்றால் கிராமுக்கு 7 ஆகிறது. முட்டை வைத்ததில் 17 கிராம் என்றால் கிட்டத்தட்ட 5.90. பெரியதில் 24 கிராம் என்றால் 6.25. நடுவில் இருப்பதுதான் ஜெயிக்கிறது. உங்கள் கடையில் மலிவானதே இந்த வகுத்தலில் முன்னால் வந்தாலும் வரலாம். வந்தால் நம்புங்கள், ஆனால் பதினொரு மணிச் செலவைச் சேர்த்து இன்னொரு தடவை போட்டுவிட்டு நம்புங்கள். இந்த எண்களைத் தேட அலைய வேண்டாம். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆப்பிலும் இணையதளத்திலும் சத்து விவரம் போட்டிருப்பார்கள். அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள கடைகள் மெனுப் பலகையிலேயே கலோரியைக் காட்ட வேண்டும் என்பது 2018 முதல் கட்டாயம்.

நிஜமான எண்களோடு ஒன்றைக் காட்டுகிறேன். இந்த வகைச் சாண்ட்விச்சுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லத்தக்க எக் மெக்மஃபின், 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் மெக்டொனால்ட்ஸ் கிளை நடத்திய ஹெர்ப் பீட்டர்சன் உருவாக்கியது. வாட்டிய மஃபின், வளையத்தில் ஊற்றி வட்டமாக வேகவைத்த ஒரு முட்டை, கொழுப்பு குறைந்த பன்றி இறைச்சி ஒரு துண்டு, ஒரு சீஸ், அவ்வளவுதான். அமெரிக்க மெனுவில் அதற்குச் சுமார் 310 கலோரி, 17 கிராம் புரதம். அதே மஃபின், அதே முட்டை, அதே சீஸ், அந்த இறைச்சித் துண்டுக்குப் பதில் சாசேஜ், அதாவது அரைத்துத் தட்டிய பன்றி இறைச்சி, என்று மாற்றினால் சுமார் 480 கலோரி. புரதம் கூடுவது மூன்று கிராம் போலத்தான். ஒரே ஒரு துண்டை மாற்றியதற்கு 170 கலோரி, அதில் பெரும்பகுதி கொழுப்பு. உங்கள் வயிறு கனப்பதற்குக் காரணம் இந்த இடத்தில் இருக்கலாம்.

ரொட்டியும் இதே போலத்தான். வாட்டிய மஃபின் தேவலை. க்ரோசான்ட்டும், பிஸ்கட் என்ற பெயரில் விற்கும் உதிரும் பன்னும் வெண்ணெயையும் கொழுப்பையும் நம்பியே நிற்பவை. பேகல் என்ற வளைய ரொட்டியில் கொழுப்பு குறைவு, ஆனால் அளவு பெரியது, மாவுச்சத்து கூடுதல். பிடித்தால் எப்போதாவது சாப்பிடுங்கள், தினப்படிக்கு மஃபின்.

உப்பு விஷயத்தை அவசியம் கவனியுங்கள், இது நீங்கள் மருத்துவமனையில் தினம் பார்க்கிற விஷயம்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேலே சொன்ன 310 கலோரி சாண்ட்விச்சிலேயே சோடியம் 700 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அன்றைய பங்கில் மூன்றில் ஒன்று காலையிலேயே முடிந்துவிடுகிறது. பேகனும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி) சாசேஜும் சேர்ந்த பெரியவை 1,000ஐத் தாண்டுவது சகஜம். அப்புறம், பதப்படுத்திய இறைச்சி. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ல் அறிவித்தது. 18 சதவீதம் என்பது ஏற்கெனவே இருக்கும் சிறிய வாய்ப்பின் மேல் கூடுவது, பயப்பட வேண்டாம். ஆனால் வாரத்தில் ஐந்து நாளும் அதையே சாப்பிடுகிற பழக்கம் வேண்டாம். இறைச்சி இல்லாமல் முட்டையும் சீஸும் மட்டும் கேளுங்கள். பல கடைகளில் அதற்கு விலையும் குறைவு. மிச்சமாவதைக் கொண்டு இன்னொரு முட்டை சேர்க்கச் சொல்லலாம், ஒரு பெரிய முட்டையில் 70 கலோரிக்குச் சுமார் 6 கிராம் புரதம் வருகிறது. காசுக்கும் சத்துக்கும் இதைவிட நல்ல பேரம் அந்த மெனுவில் இருக்காது.

ருசிக்கு இரண்டு வார்த்தை. பன்னை நன்றாக வாட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். முட்டையை அங்கேயே உடைத்து வேகவைக்கிறார்களா, முன்பே வெந்து உறைந்து வந்ததைச் சூடாக்கித் தருகிறார்களா என்று கேளுங்கள், ஒரே கடையில் இரண்டும் இருக்கும். வட்டமாக, மஞ்சள் கரு தனியாகத் தெரிவது பெரும்பாலும் அங்கேயே உடைத்தது. கையில் வாங்கியதும் காகிதத்தைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆவி உள்ளேயே நின்று பன் தொளதொளத்துப் போகும். மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டியிலேயே 90 கலோரிக்கு மேல், சீஸ் இருக்கும்போது அது தனியாகத் தெரிவதும் இல்லை.

சரி, இப்போது காம்போவுக்கு வருவோம். சாண்ட்விச் 100, காபி 60, ஹாஷ் பிரவுன் 45, மொத்தம் 205. காம்போ 170. "35 மிச்சம்" என்று பலகை சொல்கிறது. நீங்கள் பசிக்கு வாங்க வந்தது 100க்கான பொருள். காபியும் வேண்டும் என்றால் 160. அந்த இடத்தில் இன்னும் 10 கொடுத்தால் ஹாஷ் பிரவுன் என்றதும் யாருக்கும் கை நீளத்தான் செய்யும், விலையை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஹாஷ் பிரவுனில் ஏறக்குறைய 140 கலோரியும் ஓரிரு கிராம் புரதமும்தான். பதினொரு மணிப் பசிக்கு அது உதவவே உதவாது. காபியில் சிரப் ஊற்றிய இனிப்பு வகை என்றால் ஒரு கோப்பையிலேயே 30 கிராம் சர்க்கரை இருக்கக்கூடும், ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம்.

சாண்ட்விச்சுக்கும் காம்போவுக்கும் வித்தியாசம் 70. வருடத்துக்கு 48 வாரம், வாரம் ஐந்து நாள் என்றால் 240 காலை. 70ஐ 240ஆல் பெருக்கினால் 16,800. அது 168 சாண்ட்விச்சின் விலை. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்து உங்கள் பில் தொகைகளை வைத்துப் போட்டுப் பாருங்கள். கணவரோடு உட்கார்ந்து பேச இந்த ஒரு எண் போதும்.

வீட்டில் செய்வது பற்றி அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் ஐந்து நாளும் வேண்டாம். விடுமுறை நாளில் முட்டைகளைக் குழித் தட்டில் ஊற்றி ஓவனில் வேகவைத்து, ஆறவிட்டு, வாட்டிய மஃபினில் சீஸோடு வைத்து, ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி ஃப்ரீஸரில் போடுங்கள். முந்தின இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் மைக்ரோவேவில் சூடாக்கிக் கிளம்பலாம். அலுமினியத் தாளில் சுற்றியிருந்தால் அதை எடுத்துவிட்டு வையுங்கள். உப்பும் உங்கள் கையில் இருக்கும். செலவு 40 வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். காபியை, காம்போ வாங்கும் நாள் தவிர, பிளாஸ்கில் எடுத்துப் போங்கள், அதற்கு 10.

நான் சொல்லும் வாரம் இப்படி: இரண்டு நாள் வீட்டுச் சாண்ட்விச், இரண்டு நாள் கடையில் முட்டை சீஸ் மஃபின் மட்டும், ஒரு நாள் ஆசை தீர முழு காம்போ. 80ம் 200ம் 170ம், நாலு நாள் காபிக்கு 40ம் சேர்த்தால் 490. இப்போது 850 போகிறது. வாரத்துக்கு 360, நாலு வாரத்துக்கு 1,440 மிச்சம், வருடத்துக்கு 17,280. பிடித்த சாண்ட்விச் மூன்று நாள் உங்கள் கையில் இருக்கிறது.

இனி கார்டு. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். முழுப் பாக்கியையும் கட்டுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும். பாக்கி ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை போய்விடும், புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். உங்கள் கார்டு விதிமுறையில் இது எப்படி என்று இன்றே பார்த்துவிடுங்கள். அப்படித்தான் என்றால், காலையில் சாப்பிட்ட சாண்ட்விச்சுக்கு நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பாக்கி தீரும் வரை சாப்பாட்டுச் செலவை டெபிட் கார்டிலோ ரொக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் 1,440ஐ முதலீடு எதிலும் போடாதீர்கள், கார்டுக்கே கட்டுங்கள். கார்டு வாங்குகிற வட்டியை உங்களுக்குத் திருப்பித் தருகிற டெபாசிட் எங்கேயும் கிடையாது.

கடையின் ஆப்பில் கூப்பன் வரும், புள்ளிகள் சேரும். அவற்றைப் பயன்படுத்துங்கள், ஏற்கெனவே வாங்கத் தீர்மானித்த பொருளுக்கு மட்டும். ஆப் செட்டிங்கில் இரண்டை நிறுத்தி வையுங்கள். ஒன்று அறிவிப்பு. இன்னொன்று, ஆப் வாலட்டில் இருப்பு குறைந்தால் தானாகப் பணம் ஏற்றும் வசதி. அங்கே கிடக்கும் பணம் கடைக்காரருக்கு வட்டியில்லாக் கடன், அதுவும் வட்டிக்கு வாங்கிய கார்டிலிருந்து. டெலிவரிக்குக் காலை சாண்ட்விச்சை வரவழைக்கவே வேண்டாம். ஆப்பில் பல நேரம் பொருள் விலையே கூட இருக்கும், மேலே டெலிவரிக் கட்டணம், சேவைக் கட்டணம், வந்து சேர்வதற்குள் பன் நனைந்திருக்கும்.

பாக்கி தீர்ந்த மாதமே, அதே 1,440 சம்பளம் வந்த மறுநாள் தனிச் சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டு வேண்டாம். மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும் வரை அது அவசர நிதியாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு எங்கே முதலீடு செய்யலாம் என்று, அப்போதைய சம்பளத்தையும் வீட்டுக் கடன் ஏதும் இருந்தால் அதையும் குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.