பெயின்டுக்கு முன்னால் கூரை

அன்புள்ள ஐயா,
எஸ்டேட் ஷெட்டில் பல வருடம் கிடந்த பழைய கேரவன் டிரெய்லர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். உள்ளே மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு. புதிதாகக் கட்டிலும் அலமாரியும் அடித்து, பெயின்ட் பூசி, குடும்பத்தோடு கிளம்ப ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?
ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். பெயின்டும் கட்டிலும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் தண்ணீர் எங்கே புகுந்திருக்கிறது என்று பாருங்கள். கூரைத் தகடும் சுவர்த் தகடும் சேரும் மூலை, ஜன்னல் ஓரம், கூரை வென்ட், பெரும்பாலும் இந்த இடங்கள்தான். உள்பலகையில் பழுப்புக் கறை இருந்தால் பின்னாலுள்ள சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. இற்றுப்போனது ஊட்டி வர்க்கி மாதிரி அடுக்கடுக்காக உதிரும்.

இந்த வகை வண்டிகளில் தகட்டைக் கடைசியாகத்தான் அடித்திருப்பார்கள். அதனால் வெளியிலிருந்து கழற்றுங்கள், ஒவ்வொரு பக்கமாக. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்தால் கூடு கோணிக்கொள்ளும். தோட்டத்தில் சும்மா கிடைக்கிறதே என்று சில்வர் ஓக் போட்டுவிடாதீர்கள், ஈரம் தாங்காது. சட்டத்துக்குத் தேக்கு, தரைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட். மூட்டுகளில் பழைய சிலிக்கான் பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, தண்ணீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் ரப்பர் டேப் ஒட்டுங்கள். சிலிக்கான் மிச்சமிருந்தால் மேலே எதுவும் பிடிக்காது. உங்கள் ஊருக்குத் தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மறைத்துவிடுகிறது, ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டும். அதற்குள் கூரை முடிந்தாக வேண்டும்.

அப்புறம், குளிருக்கென்று கரிக் கணப்பை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் எழுந்திருக்காத கதை நம் மலைக்குப் புதிதல்ல. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். அதற்குத் தரையோரம் ஒரு வென்ட் வையுங்கள்.

கிளம்பும் விஷயத்துக்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் டிரெய்லருக்குச் சொந்தமாக பிரேக் இல்லாமல் குடும்பத்தோடு இறங்காதீர்கள். பேரிங், பட்டை ஸ்பிரிங், டயர் எல்லாவற்றையும் பாருங்கள். தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாவிட்டாலும் பழைய டயரின் ரப்பர் விரிசல் விட்டிருக்கும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கிமேல் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் பின்பக்கம் ஆடும். ஆகவே கனமான அலமாரியைப் பின்கோடியில் வைக்காதீர்கள். ஆர்.சி. இருக்கிறதா என்பதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துவிடுங்கள்.

பழைய ஜன்னல் கைப்பிடி, கதவுக் கீல் எதையும் தூக்கிப் போட வேண்டாம், அதே அளவில் மறுபடி கிடைப்பது கஷ்டம். பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் மூலைச் சட்டங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். எதை மாற்றுவது, எதை விடுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.