கரியர் அண்ட் ஐவ்ஸ் என்ற அச்சு நிறுவனத்தின் படங்கள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவ்வளவு மலிவாக விற்றது எப்படி?

முதல் காரணம் கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக் கலந்த கிரேயானால் இடவலம் மாற்றி வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும், ஈரமான இடம் ஏற்காது. செதுக்கும் வேலையே கிடையாது. பெரும்பாலும் அச்சில் வருவது கறுப்பு மட்டும்தான், வண்ணம் கையால்: அவர்களுடைய நியூயார்க் பட்டறையில் பெண்கள் நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்து, வானத்துக்கு நீலம், புல்லுக்குப் பச்சை என்று ஆளுக்கொரு நிறம் பூசி அடுத்தவருக்குத் தள்ளுவார்கள். அதனால்தான் சின்னப் படம் 20, 25 சென்ட்டுக்குக் கிடைத்தது. அப்புறம் வேகம். 1840 ஜனவரியில் லெக்சிங்டன் நீராவிக் கப்பல் எரிந்த சில நாளிலேயே நிறுவனர் கரியர் அந்தக் காட்சியை அச்சிட்டு விற்றுவிட்டார். அவர்களுக்கு வரைந்த ஓவியர் ஃபேனி பால்மரையும் சொல்லியே ஆக வேண்டும். அவர்களின் அருமையான இயற்கைக் காட்சிகளில் பல அவர் வரைந்தவை.