உலகம் நம்மைக் கண்டுகொள்ளாதபோது வாழ்வுக்கு என்ன அர்த்தம்?

பிரபஞ்சத்துக்கு நம்மேல் அக்கறையே இல்லையென்றால் எதற்காக வாழ்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1942-இல் வெளியிட்ட ‘சிசிபஸ் புராணம்’ என்ற கட்டுரை நூல் இதைத்தான் பேசுகிறது. சிசிபஸ் கிரேக்கக் கதையில் வருகிறவன்; மலையுச்சிக்குப் பாறையை உருட்டி ஏற்ற வேண்டும், ஏற்றியதும் அது கீழே உருண்டுவிடும், மறுபடி ஏற்ற வேண்டும், முடிவே இல்லாத தண்டனை. அபத்தம் உலகத்திலும் இல்லை, மனிதனிடமும் இல்லை; நாம் அர்த்தம் கேட்க, உலகம் வாயே திறக்காத இடத்தில் அது பிறக்கிறது என்கிறார். தற்கொலையும் சரி, கண்ணை மூடிக்கொண்ட நம்பிக்கையும் சரி, அவருக்குத் தப்பித்தல்தான். தெரிந்துகொண்டே வாழ்வதுதான் கலகம்.

சிசிபஸைப் போலவே திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்கிற, திசையன்விளைப் பக்கத்துப் பனையேறியைப் பாருங்கள். பருவம் முழுக்கக் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும்; இன்று சீவியது நாளைக்கு உதவாது. பனைக்கு அவர்மேல் அக்கறை கிடையாது. (பதநீர் குடிக்கிற நமக்கு மட்டும் இருக்கிறதா என்ன!) சிசிபஸுக்கு ஒன்றும் மிஞ்சாது, இவருக்குக் கருப்பட்டியாவது மிஞ்சும், ஒப்புமை அவ்வளவுதான் போகும்.

அப்புறம், இதை ‘எதுவுமே முக்கியமில்லை’ என்கிற வெறுமைவாதத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காம்யு அதைத் தாண்டிப் போகத்தான் எழுதினார்.