மகள் ரேடியாலஜி படிக்க ஆசைப்படுகிறாள் என்று எழுதிய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீட் தேர்வில் மகளுக்கு எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை, ஆனாலும் ‘ரேடியாலஜிதான் படிப்பேன்’ என்று நிற்கிறாள். கதிர்வீச்சுக்கு நடுவில் வேலை பார்த்தால் நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது ஏதாவது ஆகிவிடுமோ என்று உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. ‘பட்டனை அமுக்குற வேலைக்கு நாலு வருஷப் படிப்பா?’ என்று அவளுடைய அப்பா கேட்கிறார். இதற்கு நடுவில் ஒரு தனியார் கல்லூரி முன்பணம் கேட்கிறது. பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, விடுமுறையில் அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகுதான் இந்த ஆசை வந்தது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியில் இருந்துதான் தொடங்குகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ரேடியாலஜி என்று சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்றில் ஏறிவிட்டு நடுவழியில் இன்னொன்றுக்குத் தாவ முடியாது. பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். ஸ்கேன் படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது பிடிக்கும் என்றான். நான் மேற்கொண்டு விசாரிக்காமல் பி.எஸ்சி. ரேடியோகிராஃபியில் சேரச் சொன்னேன். மூன்றாம் ஆண்டில் திரும்பி வந்து, ‘படத்தை நான் எடுக்கிறேன், ரிப்போர்ட்டை டாக்டர்தானே எழுதுகிறார், நான் எப்போது எழுதுவேன்?’ என்று கேட்டான். அந்தப் படிப்பை வைத்து எப்போதும் எழுத முடியாது என்பதை அன்றைக்குத்தான் அவனுக்குச் சொன்னேன். சேரும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் யார் வந்தாலும், ஒரு கட்டி எந்தெந்தக் கைகள் வழியாகப் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பின் பெயரெல்லாம் அப்புறம்தான். பெரியம்மாவை வைத்தே சொல்கிறேன், மகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்று போனால் பெரும்பாலும் முதலில் மேமோகிராம்தான். மார்பை இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என்று இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுப்பார்கள். சரியாக அழுத்தாவிட்டால் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சின்னக் கட்டி மறைந்துவிடும். வலிக்கும், கூச்சமாகவும் இருக்கும். பயந்துபோய் வந்திருக்கும் ஒரு பெண்ணைப் பேசித் தைரியப்படுத்தி, சரியான கோணத்தில் நிற்க வைத்து, ஒரே தடவையில் நல்ல படம் வாங்குவது ரேடியோகிராஃபர். இந்த இடத்தில் பெண் ரேடியோகிராஃபர்தான் வேண்டும் என்று நோயாளிகள் கேட்பார்கள். படத்தில் விழாத கட்டியை எவ்வளவு பெரிய டாக்டராலும் பார்க்க முடியாது. அவளுடைய அப்பா சொல்லும் பட்டன் வேலை இதுதான்.

அந்த வேலையில் ஒரு பாரமும் உண்டு. படம் திரையில் வந்ததும் முதலில் பார்ப்பது ரேடியோகிராஃபர்தான். அனுபவம் உள்ளவருக்கு ஓரளவு தெரிந்துவிடும். நோயாளி உடை மாற்றிக்கொண்டே, ‘ஏதாவது இருக்காம்மா?’ என்று கேட்பார். பதில் சொல்லக்கூடாது, முகத்திலும் காட்டக்கூடாது. ‘டாக்டர் பார்த்துச் சொல்வாங்கம்மா’ என்று தினமும் இருபது பேரிடம், ஒவ்வொருவரிடமும் அன்பு குறையாமல் சொல்ல வேண்டும். இதைப் பாடப்புத்தகம் சொல்லித் தராது.

படம் ரேடியாலஜி டாக்டரின் திரைக்குப் போகிறது. கட்டியின் ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதா, மணல் தூவினாற்போலச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்து, பைராட்ஸ் என்ற அளவுகோலில் 0 முதல் 6 வரை ஓர் எண் கொடுப்பார். 2 என்றால் தீங்கில்லாத மாற்றம். 5 என்றால் புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். 4, 5 என்று வந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் செலுத்தித் துணுக்கு எடுப்பதும் பெரும்பாலும் அவரே. ஆனால் அந்தத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ‘புற்றுநோய்தான்’ என்று உறுதி சொல்வது பேத்தாலஜி டாக்டர். ஸ்கேனை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

நோய் வேறு எங்காவது பரவியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பெட்-சிடி எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு வந்தவருக்குக் கதிரியக்க ஃப்ளோரின் சேர்த்த சர்க்கரையை ஊசி வழியாக ஏற்றி, ஒரு மணி நேரம்போல அசையாமல் படுக்க வைப்பார்கள். பல புற்றுநோய் செல்கள் சர்க்கரையை மற்ற செல்களைவிட வேகமாக இழுக்கும், அதனால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். மூளையும் பளிச்சென்று தெரியும், சிறுநீர்ப்பையும் தெரியும். எது இயல்பு, எது நோய் என்று பிரிப்பது அணு மருத்துவ டாக்டர். அந்த ஃப்ளோரின் 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோருமே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பெரியம்மாவுக்கு ‘கரண்ட் வைத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை. லினாக் என்ற கருவி எலக்ட்ரான்களை வேகமாக ஓட்டி ஓர் உலோகத் துண்டில் மோத வைக்கிறது. அதிலிருந்து வரும் ஆற்றல் மிகுந்த எக்ஸ்ரே புற்றுநோய் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. அதற்கு முன்னால் பெரிய தயாரிப்பு உண்டு. சிகிச்சைக்கென்றே தனியாக ஒரு சிடி எடுத்து, தோலில் சின்னச் சின்ன மைப்புள்ளிகள் வைப்பார்கள். கதிர்வீச்சு சிகிச்சை டாக்டர் ஒவ்வொரு வெட்டுப் படத்திலும் கதிர் எங்கே விழ வேண்டும், இதயமும் நுரையீரலும் எங்கே இருக்கின்றன என்று கோடு வரைவார். எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுவது மெடிக்கல் பிசிசிஸ்ட். இவர் டாக்டர் இல்லை, இயற்பியல் படித்தவர்.

கட்டி இடது மார்பில் என்றால் இன்னொரு நுணுக்கம் உண்டு. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரைவிட்டுச் சற்று விலகும். அந்தச் சில விநாடிகளில் மட்டும் கதிர் பாயும். மூச்சு விட்டால் கதிரும் நிற்கும். வாரத்துக்கு 5 நாள், மூன்று முதல் ஐந்து வாரம், அதே நோயாளியை அதே புள்ளியில் மில்லிமீட்டர் பிசகாமல் படுக்க வைத்து இதைச் செய்பவர் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட்.

பெரியம்மாவுக்குத் தேவைப்படாத ஒன்றையும் சொல்ல ஆசை, எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை வழியாக வருகிறது. ஆனால் கல்லீரலில் முளைக்கும் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தமனியிலிருந்துதான் ரத்தம் குடிக்கிறது. ஆகவே தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கட்டிக்குப் போகும் கிளை வரை கொண்டுபோய், அங்கே மருந்தைக் கொடுத்து வழியையும் அடைத்துவிடுகிறார்கள். கட்டி பட்டினி கிடக்கும், மீதிக் கல்லீரல் பிழைத்துக்கொள்ளும். இதைச் செய்வது இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். கண்டுபிடிப்பவரே சிகிச்சையும் செய்யும் துறை இது.

சரி, இப்போது படிப்புகளுக்கு வருகிறேன். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றால் எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், பிறகு நீட்-பி.ஜி. எழுதி எம்.டி. ரேடியோ டயக்னோசிஸ் 3 வருடம். முதுநிலையில் முன்னணி ரேங்க் எடுத்தவர்கள் முதலில் அள்ளிக்கொண்டு போகும் இடம் அது. கதிர்வீச்சு சிகிச்சை டாக்டர், அணு மருத்துவ டாக்டர் ஆவதற்கும் இதே வழிதான். பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பின்னால் அங்கே போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிசிசிஸ்ட் ஆக பி.எஸ்சி. இயற்பியல் முடித்து எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் படிக்கலாம், அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்கு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஒரு வருட டிப்ளமோ உண்டு. இந்த வேலையில் இருப்பவர் இல்லாமல் எந்த ரேடியோதெரபி பிரிவும் நடக்க அனுமதி கிடையாது. கணக்கும் இயற்பியலும் பிடித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியவில்லை. எனக்கு அதில் பெரிய ஆதங்கம் உண்டு.

டெக்னாலஜிஸ்ட் ஆக பி.எஸ்சி. ரேடியோகிராஃபி மற்றும் இமேஜிங் டெக்னாலஜி, பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி என்று இரண்டு தனிப் படிப்புகள் உண்டு. முதலாவது படம் எடுக்க, இரண்டாவது சிகிச்சை கொடுக்க. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. தமிழ்நாட்டில் இவற்றுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்திவந்திருக்கிறது. 2021இல் வந்த துணை மருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குப் பிறகு படிப்புகளின் பெயரும் பாடமும் விதிகளும் மாறிவருகின்றன, அதனால் இந்த வருட அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். சம்பளத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன்: தனியார் ஸ்கேன் சென்டரில் தொடக்கச் சம்பளம் குறைவு. எம்.ஆர்.ஐ., சிடி, லினாக் என்று பெரிய கருவிகளில் கை பழகப் பழகத்தான் உயரும். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கதிர்வீச்சு பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் தப்பில்லை. இந்தத் துறையின் முதல் தலைமுறை பாதுகாப்பு தெரியாமல் கைவிரல்களையும் உயிரையும் இழந்தது. அதிலிருந்து கற்றதுதான் இன்றைய விதிகள். எக்ஸ்ரே, சிடி, லினாக் மூன்றுமே லைட் மாதிரி, சுவிட்சை நிறுத்தினால் கதிரும் இல்லை. கதிர் பாயும்போது பணியாளர் கனத்த சுவருக்கு வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் அந்தக் கதிர்வீச்சே கிடையாது. ஒவ்வொருவரும் மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருப்பார்கள், அவர் மேல் எவ்வளவு பட்டது என்று அதைக் கணக்கெடுப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் உச்சவரம்பு, ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒழுங்காக நடக்கும் இடத்தில் பெரும்பாலானவர்கள் அதற்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. கர்ப்பம் என்று தெரிவித்ததும் வயிற்றில் உள்ள குழந்தைக்கு 1 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் படாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும், அது விதி. எத்தனையோ பெண்கள் இந்த வேலையில் இருந்துகொண்டே பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது பேட்ஜ் கொடுக்காத, ஈயக் கவசம் கிழிந்து தொங்குகிற சென்டர்களைப் பார்த்துத்தான். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் அவள் சேரக்கூடாது.

‘ஏஐ வந்துவிட்டதே’ என்று அவளுடைய அப்பா அடுத்து கேட்பார். ஏஐ ஆராய்ச்சியின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், 2024இல் இயற்பியல் நோபல் வாங்கியவர், ஐந்து வருடத்தில் ஏஐ அவர்களைவிட நன்றாகப் படம் பார்க்கும், அதனால் ரேடியாலஜி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்று 2016இலேயே சொன்னார். அவர் சொன்ன ஐந்து வருடம் எப்போதோ முடிந்தது, ஆள் தேவை குறையவில்லை. சுவீடனில் 80,000 பெண்களின் மேமோகிராமை வைத்து 2023இல் வெளியான ஆய்வில், ஏஐ துணையால் படம் பார்க்கும் வேலைப்பளு 44 சதவீதம் குறைந்தது. அது உண்மை, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் நடுங்கும் ஒரு பெண்ணை மூச்சைப் பிடிக்கப் பழக்கும் வேலையை அது செய்யவில்லை.

உங்கள் மகளோடு போனில் பேசியபோது ஒரே கேள்விதான் கேட்டேன். பெரியம்மாவோடு போன நாட்களில் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘வெளியே வந்து பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இழுங்கம்மா, பிடிங்க, இன்னும் கொஞ்சம், இப்ப விடுங்க என்று சொல்லிக்கொடுத்த அக்காவை’ என்றாள். ரிப்போர்ட் எழுதிய டாக்டரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கேட்பது ரேடியோதெரபி டெக்னாலஜி, அம்மா. அதன் பெயர் அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீட்டுக்காக இன்னொரு வருடம் உட்கார வைக்கும் முன் இதை யோசியுங்கள். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்திலிருந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. வீட்டில் பார்த்த நோயிலிருந்து பிறக்கும் ஆசையை விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம்.

அந்தத் தனியார் கல்லூரி கேட்கிற முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நேரில் போய், லினாக் எங்கே இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சிகிச்சை நடக்கிறது, மாணவர்களுக்கு எந்த வருடத்திலிருந்து பேட்ஜ் தருகிறீர்கள் என்று கேளுங்கள். லினாக்கைக் காட்டாமல் கட்டடத்தை மட்டும் சுற்றிக் காட்டினால் வந்துவிடுங்கள். கலந்தாய்வு முடியும் வரை பொறுங்கள், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு பல மடங்கு குறையும். சனிக்கிழமை மதிப்பெண் சான்றிதழ் நகலோடு மகளை அழைத்து வாருங்கள். அவளுடைய அப்பாவும் வரட்டும்.