காப்பர்-டி இடம் மாறிப்போனால் கேஸ் நிற்குமா?

வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர் ஒருவரும் நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து தரும் பதில்கள்

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆனதும், 2024 ஏப்ரலில் தனியார் மருத்துவமனை ஒன்றில் காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொண்டேன். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். போடும்போதே உயிர் போகிற வலி. ஆறு வாரம் கழித்துக் காட்டப் போனபோது, காப்பர்-டியின் முனையில் தொங்கும் நூலைத் தேடிவிட்டு, "நூல் தெரியலம்மா, உள்ள சுருண்டிருக்கும், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடிவயிற்று வலி விடவே இல்லை. 2025 பிப்ரவரியில் வேறு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான், காப்பர்-டி கருப்பையைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விட்டது தெரிந்தது. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் அறுவை) செய்து எடுத்தார்கள். 78,000 ரூபாய் செலவு. "கேஸ் போட்டா 20 லட்சம் வாங்கிடலாம்" என்கிறார் கணவரின் நண்பர். "டாக்டர் மேல கேஸ் போட்டு யாரு ஜெயிச்சா?" என்கிறார் என் அப்பா. யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: இருவர் பேச்சையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் கையில் கேஸ் இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

துளைத்துக்கொண்டு போனதுதான் தவறு என்று நினைக்கிறீர்கள். மருத்துவ ரீதியாக அது தெரிந்த சிக்கல். ஏறக்குறைய ஆயிரம் பேருக்குப் போட்டால் ஒருவருக்கு இப்படி ஆகிறது. பிரசவமான புதிதில் கருப்பைச் சுவர் மென்மையாக இருக்கும். பால் கொடுக்கும் பெண்களுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ ஆறு மடங்கு என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைதேர்ந்த மருத்துவர் போட்டாலும் நடக்கக்கூடியது இது. அதனால் "துளைத்துவிட்டது, ஆகவே அலட்சியம்" என்று மட்டும் எழுதிப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் பத்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். விளைவு கெட்டதாக இருப்பது வேறு, கவனக்குறைவு வேறு என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது.

உங்கள் கேஸின் உயிர் ஆறாவது வாரத்தில் இருக்கிறது. நூல் தெரியவில்லை என்றால் செய்ய வேண்டிய வரிசை மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். முதலில் கர்ப்பப் பரிசோதனை, அடுத்து ஸ்கேன். ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தால், "தானாக விழுந்திருக்கும்" என்று முடிவு கட்டுவதற்கு முன் வயிறு முழுவதும் அடி இடுப்புவரை ஒரு எக்ஸ்ரே. காப்பர்-டியின் பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலப்பதே எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் அனுப்பியது கவனக்குறைவு என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு முடிச்சு உண்டு. ஆறாவது வாரத்திலேயே கண்டுபிடித்திருந்தாலும் லேப்ராஸ்கோப்பி செய்துதான் எடுத்திருப்பார்கள். அப்படியானால் தாமதத்தால் உங்களுக்குக் கூடுதலாக என்ன நஷ்டம் என்று நுகர்வோர் ஆணையம் கேட்கும். எட்டு மாத வலி, அந்தக் காலத்து மருந்து, வேலைக்குப் போகாத நாட்கள், காப்பர்-டி குடலிலோ கொழுப்புத் திரையிலோ ஒட்டிப்போய் அறுவை சிக்கலானது, இவையெல்லாம் கணக்கில் வரும். ஒட்டியிருந்ததா இல்லையா என்பது இரண்டாவது மருத்துவமனையின் அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். 20 லட்சம் என்ற எண்ணுக்கு நீங்கள் சொன்னவற்றில் ஆதாரம் எதுவும் இல்லை. பில், பயணச் செலவு, இழந்த கூலி, வலிக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகை, இப்படிப் பிரித்துக் கேட்பதுதான் எடுபடும்.

போடும்போது நடந்ததையும் விட்டுவிட வேண்டாம். போடுவதற்கு முன் கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா பின்பக்கமா என்று கையால் பார்க்க வேண்டும். கருப்பை வாயைக் கருவியால் பிடித்து நேராக்கி, அளவுக் கம்பியால் ஆழம் பார்க்க வேண்டும். இந்த அளவு கேஸ் ஷீட்டில் இருக்கிறதா? யார் போட்டார்கள்? அந்தக் கடும் வலி பதிவாகியிருக்கிறதா? துளைக்கும் வாய்ப்பு உண்டு என்று சொல்லி உங்களிடம் கையெழுத்து வாங்கினார்களா? அந்த இடங்கள் வெற்றாக இருந்தால் கேஸ் பலப்படும், ஒழுங்காக நிரப்பியிருந்தால் ஆறாவது வாரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வக்கீலுக்கு முன்னால் காகிதம். இரண்டு மருத்துவமனைகளுக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள்: புறநோயாளிச் சீட்டு, கேஸ் ஷீட், ஒப்புதல் படிவம், ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்று. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது, அதனால் ஆறப்போடாதீர்கள். வாயால் கேட்டால் "ரெக்கார்டு ரூம் சாவி இல்ல" என்பார்கள். எடுத்த காப்பர்-டி எங்கே என்றும் கேளுங்கள். பல இடங்களில் அன்றே குப்பைக்குப் போய்விடுகிறது. போயிருந்தாலும் அறுவையின் போட்டோவோ வீடியோவோ இருக்கலாம்.

அடுத்தது நாள் கணக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-இன்படி 2 ஆண்டுக்குள் புகார் போட வேண்டும். எப்போதிலிருந்து என்பதில்தான் சண்டை வரும். உள்ளே கிடப்பது தெரிந்த 2025 பிப்ரவரியிலிருந்து என்று நீங்கள் சொல்லலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் வயிற்றில் பஞ்சுத்துணி விட்டுவிட்ட ஒரு வழக்கில், வலி இருந்தும் அந்தப் பெண் பல ஆண்டுகள் போய்ப் பார்க்கவில்லை என்று சொல்லி 2010-ல் உச்ச நீதிமன்றம் புகாரைத் தள்ளியது. எதிர்த்தரப்பு 2024 ஏப்ரலிலிருந்து எண்ணும். அவர்கள் கணக்கிலேயே தப்பும்படி 2026 ஏப்ரலுக்கு முன் போட்டுவிட்டால் இந்த விவாதமே எழாது.

பணம் கொடுத்துச் சிகிச்சை பெற்றதால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த ஆணையம் என்பதும் கட்டணமும் நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்துத்தான், கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து அல்ல. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனாலும் 15 நாள் கெடு வைத்து ஒன்று அனுப்புவது வழக்கம். அதற்கு வரும் பதில் எதிர்த்தரப்பின் வாதத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். புகார் ஏற்கப்பட்டபின் அவர்கள் 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் மேலும் 15 நாள் தரலாம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது.

நிபுணர் கருத்து இல்லாமல் போகாதீர்கள். எல்லா வழக்குக்கும் அது கட்டாயமில்லைதான். இருந்தாலும் நூல் தெரியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும் என்பதை மகப்பேறு மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மருத்துவர்கள் ஒருவர்மீது ஒருவர் எழுதித் தரத் தயங்குவார்கள். அரசு மருத்துவக் கல்லூரியின் கருத்தைப் பெறும்படி ஆணையத்திடமே மனு கொடுக்கலாம்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஆண்டுக்கணக்காகும். ஜெயித்தாலும் அவர்கள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போவார்கள், ஆனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். பல மருத்துவர்களுக்குத் தொழில் காப்பீடு இருப்பதால் நடுவில் சமரசப் பேச்சு வரக்கூடும். பில் தொகையைக் கொடுத்துவிட்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நீட்டுகிற காகிதத்தை வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷன் இதற்கான இடமில்லை. கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான அலட்சியமும், அதைச் சொல்லும் சுயேச்சையான மருத்துவக் கருத்தும் வேண்டும் என்று 2005-லேயே தீர்ப்பாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஆள் சேர்த்து ரகளை செய்தால் 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி உள்ளே போவது உங்கள் வீட்டு ஆண்களாக இருக்கும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அவர்கள் மருத்துவரை எச்சரிக்கவோ பதிவை நிறுத்தி வைக்கவோ முடியும், உங்களுக்குப் பணம் வாங்கித் தர முடியாது.

கேள்வி: என் தங்கைக்கு அரசு மருத்துவமனையில் சிசேரியன். வீட்டுக்கு வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துத்தான் காப்பர்-டி போட்டிருப்பது தெரிந்தது. "உங்க மாமியார் கையெழுத்துப் போட்டாங்களே" என்கிறார்கள். தங்கைக்கு இப்போது உதிரப்போக்கு அதிகம். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
– ஒரு அக்கா, மயிலாடுதுறை

பதில்: முதலில் அதை எடுத்துவிட வேண்டுமா என்று தங்கையைக் கேளுங்கள். எடுக்க வேண்டும் என்றால் எந்த அரசு மருத்துவமனையிலும் இலவசமாக எடுக்க வேண்டியது அவர்கள் கடமை, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "மூணு மாசம் பொறுத்துப் பாருங்க" என்று ஆலோசனை சொல்லலாம், மறுக்கக் கூடாது. உதிரப்போக்குக்கு ஹீமோகுளோபின் அளவு பார்த்து அந்த ரிசல்ட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மாமியார் கையெழுத்து செல்லாது. வயது வந்த, நினைவோடு இருக்கும் பெண்ணுக்கு அவள் ஒப்புதல்தான் ஒப்புதல், கணவர் கையெழுத்தே தேவையில்லை. ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம், உயிருக்கு அவசரமில்லாத இன்னொன்றுக்குப் பொருந்தாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிசேரியனுக்குப் போட்ட கையெழுத்தைக் காட்டி காப்பர்-டிக்கு நியாயம் சொல்ல முடியாது. பிரசவத்துக்கு முன்பே, வலி வராத நேரத்தில் பேசிச் சம்மதம் வாங்குவதுதான் முறை.

ஆனால் நுகர்வோர் ஆணையம் வேண்டாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே முடிவாகிவிட்டது. உங்களுக்கு வழி வேறு. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கேஸ் ஷீட்டும் ஒப்புதல் படிவமும் கேளுங்கள், 30 நாளில் வர வேண்டும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். மருத்துவமனையின் காகிதத்திலேயே தவறு தெரிந்தால் நஷ்ட ஈடு தருவார்கள், யார் சொல்வது உண்மை என்ற சண்டை இருந்தால் சிவில் நீதிமன்றம் போகச் சொல்வார்கள். அங்கே கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம்.

அந்தக் கட்டணத்தையும் வக்கீல் ஃபீஸையும் நினைத்துப் பின்வாங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு, அல்லது 15100-க்கு ஒரு போன் போதும்.

கேள்வி: பத்து வருடக் காப்பர்-டியை எடுக்கும்போது ஒரு கை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் இதற்காகக் கம்பெனி மேலேயே வழக்குப் போடுகிறார்களாமே? நாங்களும் அதில் சேரலாமா?
– வாசகி, சேலம்

பதில்: அங்கே நடப்பது உண்மைதான். பாராகார்டு என்ற காப்பர்-டி எடுக்கும்போது முறிகிறது என்று ஆயிரக்கணக்கான பெண்கள் தொடுத்த வழக்குகள் 2020 டிசம்பர் முதல் அட்லாண்டா கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அது அங்கே விற்கப்படும் சாதனம் பற்றிய வழக்கு. இங்கே போட்ட வேறு கம்பெனிச் சாதனத்துக்காக அதில் சேர முடியாது.

இங்கே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் பொருள் குறைபாட்டுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. காசு கொடுத்து வாங்கிய சாதனமாக இருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், முறிவுக்குக் காரணம் பிளாஸ்டிக்கா, கருப்பைத் தசையில் புதைந்திருந்ததா, இழுத்த விதமா, காலாவதி தாண்டி வைத்திருந்ததா என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு வெளியே வந்த துண்டு வேண்டும். உலர்ந்த டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். முழுச் சாதனம் 36 மில்லிமீட்டர் நீளம், 32 மில்லிமீட்டர் அகலம். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். போட்டபோது கொடுத்த அட்டையில் பேட்ச் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாமல் கம்பெனியை நெருங்குவது கடினம். வழக்கு போட்டாலும் போடாவிட்டாலும் மருத்துவச் சாதனக் கண்காணிப்புத் திட்டத்தில் பதியுங்கள்: 1800-180-3024. ஒரே பேட்சில் நாலு புகார் சேர்ந்தால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வி: காப்பர்-டி இருக்கும்போதே கர்ப்பமாகிவிட்டேன். நஷ்ட ஈடு உண்டா?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: பெரும்பாலும் இல்லை. சரியாகப் போட்டாலும் முதல் ஆண்டில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத் தவறுகிறது, அந்தத் தவறலை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. குடும்பநல இழப்பீட்டுத் திட்டம் அறுவைக் கருத்தடைக்கு மட்டும்தான், காப்பர்-டிக்கு இல்லை.

ஆனால் இன்றே ஸ்கேன் எடுங்கள். காப்பர்-டியோடு தரிக்கும் கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்குவது அதிகம், அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து. கரு வேண்டாம் என்றால், கருத்தடை முறை தவறியதைக் காரணமாகச் சொல்லி 20 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் திருமணமாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.