போரில் மாட்டிய பொதுமக்களை வைத்து வந்த ‘திஸ் வார் ஒஃப் மைன்’ மாதிரி ஒரு கேமில் புதிதாக என்ன அம்சங்கள் சேர்க்கலாம்?

என்னைக் கேட்டால் முதலில் ஒரு திருவலை வேண்டும். தேங்காய் துருவ நாங்கள் குந்தியிருக்கிற அதே பலகைச் சாமான்தான். பகிடி விடவில்லை.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கம்பஸில் கேம் டிசைன் படிக்கிற பிள்ளை போலத் தெரிகிறது. போரை நேரில் கண்டிருக்க மாட்டீர்கள், அது நல்லது. கேமைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலந்தின் வார்சாவில் இருக்கிற 11 பிட் ஸ்ரூடியோஸ் 2014இல் வெளியிட்டது. பொகோரென் என்று ஒரு கற்பனை நகரம். அதற்குப் பின்னால் இருப்பது 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்த பொஸ்னியாவின் சரயேவோ நகரம். பகலில் வெளியே போக முடியாது, ஸ்னைப்பர். இடிந்த வீட்டுக்குள் இருந்து அடுப்பு, கட்டில், மழைத்தண்ணி பிடிக்கிற சாமான் எல்லாம் செய்யவேண்டும். இரவானால் ஒரு ஆளைச் சாமான் பொறுக்க அனுப்பவேண்டும். சண்டை நிற்கும்வரை ஆட்களைச் சாகவிடாமல் வைத்திருப்பதுதான் விளையாட்டு. சாதாரண சனமாக விளையாட விட்டதற்கே அவர்களைக் கும்பிடலாம். 2022இல் உக்ரேன் சண்டை தொடங்கினபோது ஒரு கிழமை இலாபத்தை உக்ரேன் செஞ்சிலுவைக்குக் கொடுத்த ஆட்கள் வேறு. ஆகவே நான் குறை சொல்கிறேன் என்று விசிறிகள் சண்டைக்கு வரவேண்டாம்.

அந்தக் கேமில் பை சின்னது. எதைத் தூக்குவது, எதை விடுவது என்று ஒவ்வொரு இரவும் மண்டை காயும். அது உண்மை, அச்சொட்டாக அப்படித்தான். ஆனால் தூக்கிக்கொண்டு வந்த சாமான் உங்கள் வீட்டுக்கு மட்டும்தான். பாவிக்கலாம், அல்லது வாசலுக்கு வருகிற வியாபாரி பிராங்கோவிடம் மாற்றலாம். இரவல் கொடுக்க வழியில்லை. எனக்கு இடிக்கிற இடம் இதுதான்.

1995 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போகிறார்கள், இரவே எல்லோரும் வெளிக்கிட வேண்டும் என்று. (யார் சொல்லி, ஏன், சரியா பிழையா என்று தயவுசெய்து கீழே தொடங்காதீர்கள். அதற்கு வேறு கேள்விகள் இருக்கின்றன, அங்கே போய் அடிபடுங்கள்.) எங்களிடம் ஒரு சைக்கிள். அப்பா கரியரில் அரிசிச் சாக்கைக் கட்டி, அதற்கு மேல் தன்னுடைய ரேடியோவை வைத்துக் கட்டினார். கரண்ட் இல்லாமல் வருசக்கணக்கில் சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி நியூஸ் கேட்ட ரேடியோ. அம்மா குசினிக்குள் போய்த் திருவலையைத் தூக்கிக்கொண்டு வந்தா.

“உதையும் காவப் போறீரோ? சனம் உயிரைக் காவ வழியில்லாமல் நிக்குது.”

“நீங்கள் உங்கட ரேடியோவைக் காவுங்கோ. நான் இதைக் காவுறன்.”

பிள்ளைகளுக்கு முன்னால் அதற்கு மேல் அவர்கள் கதைக்கவில்லை. நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் நெரிபட்டு, ஓரடி வைக்கிறதும் நிக்கிறதுமாக விடிய விடியப் போனோம். சைக்கிளில் மிதித்தால் ஒன்றுமில்லாத தூரம். வழி நெடுகச் சனம் தங்கள் சாமான்களைத் தெருவோரம் விட்டுவிட்டுப் போனது. அம்மா அதைக் கீழே வைக்கவில்லை.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. வாங்குகளை அடுக்கி மறைப்புக் கட்டி, கனக்கக் குடும்பங்கள். தென்மராட்சியில் தேங்காய்க்கு என்ன குறை? துருவத்தான் ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. சனம் காசு, காணி உறுதி, நகை, படித்த சேர்ட்டிபிக்கற் எல்லாம் கொண்டு வந்திருந்தது; திருவலை அந்த மண்டபத்திலேயே எங்களிடம் மட்டும். அடுத்த நாள் காலமையே “அக்கா, ஒருக்காத் தாறியளோ?” என்று தொடங்கிவிட்டது. அம்மா ஒருவரிடமும் வாடகை கேட்கவில்லை. ஆனால் போன திருவலை வெறுங்கையோடு திரும்பாது. ஒரு சிரட்டைச் சம்பல் வரும், போத்தல் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வரும். அதைவிடக் கதை வரும்: எந்தக் கிணத்தடியில் சனம் குறைவு, எங்கே நிவாரணப் பதிவு நடக்குது, வன்னிக்குக் கடல்நீரேரி கடக்கிற கிளாலிப் பக்கம் எப்படி. என் தங்கைக்குக் காய்ச்சல் வந்த இரவு, ஊர் பேர் தெரியாத ஒரு மனுசி பனடோல் கொண்டுவந்து தந்தா. திருவலைக்காரியின் பிள்ளை என்றுதான் எங்களை அங்கே தெரியும். அப்பாவின் ரேடியோவுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை, பாவம்.

இதை கேமுக்குள் கொண்டுவருவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. சில சாமான்களுக்கு ‘இரவல் கொடு’ என்று ஒரு பட்டன். கொடுத்தால் திரும்பி வராமலும் போகலாம், பல்லு மழுங்கியும் வரலாம். ஆனால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு வீடு உங்களுக்குத் திறக்கும். இப்போதும் அயலவர்கள் கதவைத் தட்டி மருந்து கேட்பார்கள், யன்னலுக்குப் பலகை அடிக்க ஆள் கேட்பார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் வந்து போகிற ஆட்கள். எனக்கு வேண்டியது ஒரு ஒழுங்கை. பெயரோடு, பகையோடு, வேலிச் சண்டையோடு நாலு வீடு.

அடுத்தது வரிசை. பகலில் வெளியே போகவே முடியாது என்று வைத்திருப்பது கேமுக்கு வசதி. ஆனால் சரயேவோச் சனம் பகலில் போனதே! குழாயில் தண்ணி இல்லாமல் பியர்த் தொழிற்சாலை ஊற்றடியில் கான்களோடு நின்றார்கள். 1992 மே 27 பாணுக்கு நின்ற வரிசையில் ஷெல் விழுந்தது. 1994 பெப்ரவரி 5 மார்க்கலே சந்தையில் விழுந்த ஒற்றை ஷெல்லில் 68 பேர் செத்தார்கள். போகாமல் இருக்க முடியாது, போனால் திரும்பி வருவோமோ தெரியாது. இந்த முடிவை விளையாடுகிற ஆள் ஒவ்வொரு காலமையும் எடுக்கவேண்டும். யாரை அனுப்புவது? வீட்டில் ஓடக்கூடிய ஆளையா, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று மனசுக்குள் நினைக்கிற ஆளையா? அதோடு வரிசையில் வதந்தியும் கிடைக்கவேண்டும், பாதி பொய்யாக.

சந்தோசமும் வேண்டும். போருக்குள் என்ன கூத்து என்று கேட்கிறவர்கள் போருக்குள் இருக்காதவர்கள். கிற்றார், புத்தகம் எல்லாம் கேமில் இருக்கிறது, சரி. எங்கள் ஊரில் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போடுவோம். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அலைந்த காலத்தில்தான் அதையும் செய்தோம். சரயேவோவில் முற்றுகைக்குள்ளேயே 1995இல் திரைப்பட விழா தொடங்கினார்கள். எரிபொருளைச் சமைக்க வைப்பதா, ஒரு இரவு படம் பார்த்துத் தீர்ப்பதா? இதை கேமில் கேட்டால் நான் இரண்டாவதை அமத்துவேன், அடுத்த நாள் பட்டினி என்றாலும்.

கடைசியாகச் சத்தம். 2016இல் வந்த ‘த லிட்டில் ஒன்ஸ்’ இணைப்பில் சிறு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குக் காதால் தெரிகிற திறமை ஒன்று கொடுங்கள். மேலே வருவது அவ்ரோ விமானமா, பொம்மரா, ஹெலியா (ஹெலிகொப்டர்) என்று பெரியவர்களுக்கு முதலே எங்களுக்குத் தெரியும். அதற்கேற்ற மாதிரி பங்கருக்குள் ஓடுவதா, மரத்தடியில் படுப்பதா என்று முடிவெடுப்போம்.

ஹெலி என்றதும் ஞாபகம் வருகிறது, சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சாமத்தியவீட்டுக்குப் (பூப்புனித நீராட்டு விழா) போனேன். பிள்ளையை ஹெலியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தகப்பன் என் வயது ஆள், என்னைப் போல பனங்குற்றி பங்கருக்குள் கிடந்தவர். மேலே சுத்துகிறபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, அவர் வீடியோக்காரனுக்கு கோணம் சொல்லிக்கொண்டு நிற்கிறார். சாப்பாடு இரவு பத்தரைக்கு. என்வலப்பை மட்டும் வாசலிலேயே வாங்கிவிட்டார்கள். உங்கள் காசு, உங்கள் பிள்ளை, நான் யார் கேட்க? ஆனாலும் அந்தக் காசில் பாதி இருந்தால் இந்த மாதிரி ஒரு கேமைத் தமிழிலேயே செய்து முடிக்கலாம்.

செய்தால் லிங்க் போடுங்கள். போனில் ஓடுகிற மாதிரிச் செய்யுங்கள், என் லாப்டொப் பழசு. துவக்கு மட்டும் குறைவாக வையுங்கள்; அது வேண்டுமென்றால் வேறு ஆயிரம் கேம் கிடக்கிறது.