கொதித்தபோது படிந்த உப்பு, ஆறியபின் ஏன் கரைவதில்லை?

வள்ளியூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் போர் தண்ணீர் எடுக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது, கொதிக்க வைத்தால் எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறது. சூட்டில் பிரிந்தது ஆறியதும் கரைய வேண்டாமா? இதைப் போக்குவது எப்படி?"

நல்ல ஐயம். சூடு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், ஆறியதும் படிவு கரைந்திருக்கும். ஆனால் இங்கே பாத்திரத்தை விட்டே வெளியேறிய பொருள் ஒன்று இருக்கிறது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, அங்கே வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக்கொண்டு, தாழையூத்தில் சிமெண்டுக்காக வெட்டப்படுவது போன்ற சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. இது இரு திசையிலும் நடக்கும் வினை. சமநிலையில் உள்ள, அதாவது இரு திசையிலும் ஒரே வேகத்தில் நடக்கும், வினையில் ஒரு பொருளை அகற்றினால், அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்யும் பக்கமாகவே வினை நகரும் என்பது 1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர் கூறிய தத்துவம். (சிமெண்ட் இறுகும் விதத்தை ஆராய்ந்தவரும் இவரே.) கொதிக்கும் நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற, பைகார்பனேட் சிதைந்து அந்த வாயுவை மீண்டும் உண்டாக்குகிறது; கூடவே கரையாத கால்சியம் கார்பனேட் படிகிறது. நீர் ஆறும்போது பழைய வெப்பநிலை திரும்புகிறதே தவிர, போன வாயு திரும்புவதில்லை. காற்றில் அந்த வாயு இருப்பதோ ஏறத்தாழ 0.04 விழுக்காடுதான்; படிவை மீண்டும் கரைக்க அது போதாது. படிவு எவ்வளவு தடித்தாலும் சமநிலை மாறாது, ஏனெனில் திண்மத்தின் அளவுக்கு அதில் பங்கில்லை.

ஆகவே, படிவைக் கரைக்க, அதிலிருந்து நீரில் சிறிதளவு கரையும் கார்பனேட்டை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதை அமிலம் செய்யும். வெதுவெதுப்பான வினிகரை ஊற்றினால் கார்பனேட் வாயுவாகி நுரைத்து வெளியேறும்; நுரை நின்றபின்னும் படிவு மிஞ்சியிருந்தால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். வழக்கமாக நாம் எடுக்கும் புளியைவிட இதற்கு வினிகரே மேல் என்பேன்: கால்சியம் அசிட்டேட் நன்றாகக் கரையும், புளியால் உண்டாகும் கால்சியம் டார்ட்ரேட் எளிதில் கரையாது.

பிளீச்சிங் பவுடரோடு மட்டும் எந்த அமிலத்தையும் சேர்த்துவிடாதீர்கள். அங்கும் ஒரு சமநிலை உண்டு. அமிலம் கூடினால் அது நச்சு வாயுவான குளோரின் பக்கம் நகர்ந்துவிடும்.

கால்சியம் சல்பேட், குளோரைடு ஆகியவற்றால் நீருக்கு வரும் கடினத்தன்மை (சோப்பு எளிதில் நுரைக்காத தன்மை) இவ்வாறு சிதைவதில்லை என்பதால், கொதிக்க வைத்து அதைப் போக்க இயலாது.